10 ஆண்டு பிரம்படி! ஜாக்கிசானை உருவாக்கிய ஹாங்காங் வாத்தியார்

அடித்தாலும் கேட்க மாட்டோம், பையன் செத்தே போனாலும் கேட்க மாட்டோம் என்று பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு எந்த அப்பாவாவது பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடுவாரா?

விட்டார்கள். ஹாங்காங்கில். அதுவும் ராஜா காலத்தில் அல்ல, 1960-களில்.

அப்படி விடப்பட்ட பிள்ளைகளில் ஒருவன் பெயர் சான் கோங் சாங். வயது 7. அவன்தான் பின்னாளில் ஜாக்கிசான்!

ஜாக்கிசான் கொடுத்த அடிகளுக்கு நம்ம ஊர் தியேட்டர்களில் விசில் பறந்தது. படம் விட்டதும் வாசலிலேயே காலைத் தூக்கி உதைத்துப் பார்த்து, பக்கத்து சைக்கிளோடு சேர்ந்து விழுந்த பையன்களும் உண்டு. ஆனால் அவர் வாங்கிய அடி எத்தனை பேருக்குத் தெரியும்?

மலை மேல் பங்களா

ஜாக்கிசான் பிறந்தது 1954-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி. அப்பா சமையல்காரர். அம்மாவுக்கு வீட்டு வேலை. இருவரும் வேலை பார்த்தது ஹாங்காங்கில் இருந்த பிரெஞ்சு தூதரின் பங்களாவில்.

பங்களா இருந்த இடம் விக்டோரியா சிகரம். பெரும் பணக்காரர்கள் வசிக்கும் மலை உச்சி. கீழே துறைமுகமும் கப்பலும் பொம்மை மாதிரி தெரியும். ஆனால் இவர்கள் குடும்பத்துக்கு அந்தப் பங்களாவில் கிடைத்தது வேலைக்காரர் பகுதி.

பையன் படு சுட்டி. படிப்பு ஏறவில்லை. முதல் வகுப்பிலேயே பெயில்! அடுத்த பையன்களோடு சண்டை போடுவதில் மட்டும் முதல் மார்க்.

அந்த நேரத்தில் அப்பாவுக்கு ஆஸ்திரேலியாவில் வேலை கிடைத்தது. கான்பெர்ரா நகரில் அமெரிக்கத் தூதரகத்தில் சமையல் வேலை. நல்ல சம்பளம். விட மனசில்லை. ஆனால் பையனை என்ன செய்வது?

அவர் கண்ணில் பட்டதுதான் சீன நாடகப் பள்ளி.

சாப்பாடு போடுவார்கள். துணி கொடுப்பார்கள். படுக்க இடம் உண்டு. தொழிலும் கற்றுத் தருவார்கள். பைசா செலவு இல்லை. இதற்கு மேல் ஒரு சமையல்காரருக்கு என்ன வேண்டும்?

பையனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அங்கே பிள்ளைகள் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பு சுற்றிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தைக் காணோம். சிலேட்டைக் காணோம். பையனுக்கு ஒரே குஷி. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருக்கிறேன் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டான்.

ஒப்பந்தம் 10 ஆண்டுக்கு எழுதப்பட்டது. வருஷம் 1961.

பத்திரத்தில் என்ன இருந்தது?

சீனாவில் இது பழைய வழக்கம். பீக்கிங் நகரில் நாடகக்காரர்களை உருவாக்கும் பள்ளிகள் இருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைகளை 7 ஆண்டு, 8 ஆண்டு என்று எழுதி வாங்கிக்கொள்வார்கள். அந்தக் காலம் முழுவதும் பிள்ளை வாத்தியாருக்குத்தான் சொந்தம். ஓடிப்போனாலும் சரி, நோய் வந்து இறந்தாலும் சரி, பள்ளி பொறுப்பல்ல என்று பத்திரத்திலேயே எழுதியிருக்கும்.

அதே வழக்கம்தான் ஹாங்காங்குக்கும் வந்தது. பிள்ளை மேடையேறிச் சம்பாதித்தாலும், சினிமாவில் தலை காட்டிச் சம்பாதித்தாலும் காசு பள்ளிக்கு. தவறு செய்தால் தண்டிக்கும் உரிமை வாத்தியாருக்கு. உயிர் போகும் அளவுக்கு அடித்தாலும் பெற்றவர்கள் குறுக்கே வரக்கூடாது. தன் ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது என்று 1998-ல் வெளிவந்த தன் சுயசரிதையில் ஜாக்கிசான் சொல்லியிருக்கிறார்.

நம்ம ஊரிலும் ஒரு காலத்தில் பாய்ஸ் கம்பெனிகள் இருந்தன. எம்.ஜி.ஆர். சின்ன வயதில் சேர்ந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. அங்கே வாத்தியார் அடித்த கதைகளைப் பழைய நடிகர்கள் சொல்லக் கேட்டவர்களுக்கு இந்த ஹாங்காங் சங்கதி அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் செத்தாலும் கேட்க மாட்டோம் என்பது கொஞ்சம் ஜாஸ்திதான்.

பெற்றவர்கள் கல் மனசுக்காரர்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. அன்றைய ஹாங்காங்கைப் பார்க்க வேண்டும்.

1949-ல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி வந்தது. எல்லை தாண்டி ஜனங்கள் ஹாங்காங்குக்குள் கொட்டினார்கள். மலைச்சரிவெல்லாம் தகரக் கொட்டகை. 1953-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்து, ஒரே ராத்திரியில் சுமார் 53 ஆயிரம் பேர் வீடிழந்து தெருவில் நின்றார்கள். 1961-ல் ஜனத்தொகை 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரே அறையில் நாலு குடும்பம் தடுப்புப் போட்டுக் குடியிருந்த காலம்.

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்ற சட்டமும் அப்போது இல்லை. அனுப்பினால் பீஸ் கட்டவேண்டும். இந்த நிலையில் மூன்று வேளை சாப்பாடு போட்டு வைத்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், ஏழைத் தகப்பன் கை தானாகப் பேனாவை எடுத்துவிடும்.

நாதன் ரோடு

வாத்தியார் பெயர் யூ ஜிம் யுவென். 1905-ல் பிறந்தவர். பீக்கிங்காரர். ஹாங்காங்குக்கு வந்து பள்ளி தொடங்கினார். அவருடைய மகள் யூ சோ சாவ் அந்நாளில் ஹாங்காங் சினிமாவின் வாள்சண்டை நாயகி.

பள்ளி நடந்தது கவுலூன் பகுதியில், நாதன் ரோட்டில், மிராடர் மேன்சன் என்ற அடுக்குமாடிக் கட்டிடத்தில். (ரோட்டின் பெயரைப் பார்த்து யாரோ நம்ம ஊர் நாதன் என்று நினைத்துவிட வேண்டாம். மேத்யூ நாதன் என்ற வெள்ளைக்கார கவர்னரின் பெயர் அது.)

குங்பூ பள்ளி என்றால் மலை, அருவி, மொட்டைத்தலை சாமியார் என்று சினிமாவில் காட்டுவார்கள். இங்கே அதெல்லாம் ஒன்றும் இல்லை. கடைத்தெரு. அதன் மேலே ஒரு கூடம். அந்தக் கூடத்தில்தான் பயிற்சி. அதே கூடத்தில்தான் சாப்பாடு. ராத்திரி அதே தரையில் வரிசையாகப் படுக்கை. ஆண் பிள்ளைகள், பெண் பிள்ளைகள் எல்லோருக்கும் இதே கதிதான்.

காலை 5 மணிக்கு எழுப்பிவிடுவார்கள். படுக்கும்போது இரவு 12 மணி ஆகும்.

"என்னய்யா இது, பள்ளிக்கூடமா, ஜெயிலா?" என்று கேட்கத் தோன்றும். ஜெயிலில்கூட இதைவிட நேரத்தில் படுக்கவிடுவார்கள்!

தலைகீழாக நில்!

பீக்கிங் நாடகத்தில் 4 வித்தை. பாட்டு, வசனம், நடிப்பு, சண்டை. நாலும் தெரிந்தவன்தான் நடிகன். இதில் சண்டை என்பது சும்மா கையை வீசுவது அல்ல. வாள், ஈட்டி, கம்பு, வெறுங்கை என்று சீனாவின் வடக்கத்திக் குங்பூ முறைகளிலிருந்து எடுத்து, மேடைக்காகத் தீட்டிய வித்தை.

முதலில் உடம்பை வளைக்க வேண்டும். காலைத் தூக்கிச் சுவரில் ஒட்டவைத்து அப்படியே நிற்பது. இரண்டு காலையும் இரு பக்கம் விரித்துத் தரையோடு தரையாக உட்காருவது. வராவிட்டால் விடமாட்டார்கள். மூத்த பையன்கள் மேலே ஏறி அமுக்குவார்கள். பிள்ளை அலறினால் அலறட்டும். எலும்பு முற்றுவதற்குள் வளைத்துவிட வேண்டும் என்பது கணக்கு. 7 வயதில் சேர்த்துக்கொள்வதும் அதனால்தான். 17 வயதில் போய்ச் சேர்ந்தால் ஆகாது.

அடுத்தது கையை ஊன்றித் தலைகீழாக நிற்பது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் அல்ல, அரைமணி நேரம்! ரத்தமெல்லாம் தலைக்கு இறங்கும். கை நடுங்கும். வியர்வை மூக்கு வழியாகத் தரையில் சொட்டும். யாராவது காலை இறக்கினால் வாத்தியாரின் பிரம்பு இறங்கும்.

பிறகு கரணம். முன்கரணம், பின்கரணம், கை படாத கரணம். அதன்பின் மேஜை மேல் மேஜை போட்டு, உச்சியில் இருந்து பின்பக்கமாகச் சுழன்று குதிப்பது. விழுவதையே ஒரு பாடமாக நடத்தினார்கள். எந்தத் தோள் முதலில் படவேண்டும், எப்போது உருளவேண்டும் என்று ஆயிரம் தடவை விழுந்து விழுந்துதான் கற்றார்கள்.

ஆயுதப் பயிற்சியில் ஒன்று பார்க்கவே பயங்கரமாக இருக்கும். நடுவில் ஒருவர் நிற்பார். நாலு பக்கம் இருந்தும் ஈட்டிகளை வீசுவார்கள். அவர் அதைக் காலாலேயே உதைத்து வீசியவரிடமே திருப்பி அனுப்பவேண்டும். ஒன்று தப்பினால் கண்ணில் படும்.

இத்தனையும் தாளத்துக்குக் கட்டுப்பட்டது. மேடை ஓரத்தில் பறையும் தாளமும் முழங்கும். பட், பட், பட் என்று மூன்று அடி. சட்டென்று எல்லோரும் சிலைபோல் நிற்க வேண்டும். மறுபடி முழக்கம். மறுபடி அடி. தெருக்கூத்தில் மத்தளத்துக்கு அடவு வைத்து வீரன் ஆடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஹாங்காங் சண்டைப் படங்களை இன்று உட்கார்ந்து கவனித்துப் பார்த்தால், நாலு அடி விழுந்ததும் ஒரு நொடி நிறுத்தம் வரும். அந்த நிறுத்தம் இந்த மேடையில் இருந்து வந்தது.

வாத்தியாரின் பிரம்பு

அடிக்கு வருவோம்.

வாத்தியாரிடம் இருந்தது பிரம்பு. கரணம் தவறினால் அடி. பாட்டு தவறினால் அடி. பேசினால் அடி. ஒருவன் தவறு செய்தால் அவனுக்கு மட்டும் அல்ல, சில சமயம் வரிசையில் நின்ற எல்லோருக்கும் அடி.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. ஒருவனால் பத்துப் பேருக்கு அடி விழுந்தால், அடுத்த தடவை அந்தப் பத்துப் பேருமே அவனைத் தவறு செய்ய விடமாட்டார்கள். வாத்தியார் இல்லாத நேரத்திலும் வாத்தியார் இருப்பார்.

மூத்த மாணவர்களுக்கு "அண்ணன்" என்ற பதவி. அண்ணன் சொன்னால் தம்பி கேட்கவேண்டும். பெரிய அண்ணனாக இருந்தவர் சம்மோ ஹங். 1952-ல் பிறந்தவர். குண்டு உடம்பை வைத்துக்கொண்டு சினிமாவில் பம்பரமாகச் சுழன்றாரே, அவரேதான். வாத்தியாரிடம் வாங்கியதை வட்டியோடு தம்பிகளிடம் இறக்கிவைத்தவர். சம்மோ தன்னை அந்த நாளில் ரொம்பப் படுத்தினார் என்று ஜாக்கிசானே சொல்லியிருக்கிறார்.

ஜாக்கிசானின் அப்பா முதலில் ஆஸ்திரேலியா போனார். பிறகு அம்மாவும் போனார். அங்கிருந்து டேப்பில் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்களாம். பையன் யாரும் இல்லாத இடமாகப் பார்த்துப் போய், அதைப் போட்டுக் கேட்டு அழுவானாம். பத்திரத்தில் இன்னும் பல வருஷம் பாக்கி இருந்தது.

வாத்தியார் வைத்த பெயர்

பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பழைய பெயர் கிடையாது. புதுப்பெயர். வாத்தியாரின் பெயரில் கடைசியில் வருகிறதே "யுவென்", அதை எடுத்து எல்லோர் பெயருக்கும் முன்னால் போட்டார்கள்.

ஜாக்கிசான், யுவென் லோ ஆனார். சம்மோ ஹங், யுவென் லுங் ஆனார். அவர்களோடு இருந்தவர்கள் யுவென் பியாவ், யுவென் வா, யுவென் குவாய், பெண்களில் யுவென் கியூ.

சீனத்தில் குங்பூ வாத்தியாருக்கு "சிபு" என்று பெயர். வாத்தியார், தகப்பன் இரண்டும் அந்த ஒரு சொல்லில் அடக்கம். பெற்றவன் வைத்த பெயரை எடுத்துவிட்டு வாத்தியார் தன் பெயரை வைப்பது அந்த ஊர்க் கணக்கில் சரிதான்.

நன்றாகத் தேறிய பிள்ளைகளைப் பொறுக்கி ஒரு குழு அமைத்தார் வாத்தியார். அதன் பெயர் "ஏழு சின்ன அதிர்ஷ்டங்கள்". ஏழு என்பது பெயரில்தான். பிள்ளைகள் மாறி மாறி வந்தார்கள். மொத்தத்தில் ஏழுக்கு மேல் தேறும். அந்தக் குழுவில் இடம் கிடைப்பது பெரிய கவுரவம். இடம் கிடைத்தவனுக்கு அடி குறைந்ததா என்றால், இல்லை.

லாய் யுவென் என்ற பொழுதுபோக்குப் பூங்காவில் நாடகம் போட்டார்கள். நம்ம ஊர் பொருட்காட்சி மாதிரி ராட்டினம், மிருகக்காட்சி எல்லாம் உள்ள இடம். பக்கத்தில் யானை. அந்தப் பக்கம் மேடையில் இந்தப் பிள்ளைகள். டிக்கெட் காசு பள்ளிக்கு.

சினிமாவில் சின்னப் பையன் வேஷம் வேண்டும் என்றாலும் வாத்தியாரிடம் ஆள் வருவார்கள். 1962-லேயே ஜாக்கிசானும் சம்மோவும் ஒரு படத்தில் தலை காட்டிவிட்டார்கள். சம்பளமும் அதே வழிதான்.

கற்ற கலைக்கு ஆள் இல்லை

இப்போதுதான் கதையில் பெரிய இடி.

ஹாங்காங் ஜனங்கள் பேசுவது கான்டனீஸ் மொழி. பீக்கிங் நாடகமோ வடக்கத்தி மொழியில். மேடையில் பாடுவது கீழே இருப்பவர்களுக்குப் புரியாது. வடக்கே இருந்து வந்த பெரியவர்கள் பார்த்தார்கள். அவர்களுக்கு வயசாகிவிட்டது. இளசுகள் சினிமாவுக்குப் போய்விட்டன. பிறகு வீட்டுக்குள்ளேயே டெலிவிஷன் வந்துவிட்டது.

10 ஆண்டு தலைகீழாக நின்று கற்ற கலை. வெளியே வந்து பார்த்தால் வாங்க ஆள் இல்லை!

சம்மோ ஹங் 16 வயதிலேயே வெளியேறிவிட்டார். ஜாக்கிசான் 1971-ல் பத்திரக் காலம் முடிந்து வெளியே வந்தார். வயது 17. கையில் காசு இல்லை. படிப்பு இல்லை. எழுதப் படிக்கத் தடுமாற்றம். தெரிந்ததெல்லாம் கரணம் போடுவதும் விழுவதும்தான்.

விழுவதற்குக் காசு கொடுக்கும் தொழில் ஒன்று இருந்தது. சினிமா ஸ்டண்டு!

கதாநாயகன் குத்துவான், இவர்கள் பறக்க வேண்டும். மாடியில் இருந்து விழவேண்டும், கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகவேண்டும். அப்போதுதான் புரூஸ்லீ அலை. 1972-ல் வந்த "பிஸ்ட் ஆப் பியூரி" படத்தில் வில்லனுக்குப் பதிலாக அடிபட்டுப் பறந்தவர் ஜாக்கிசான். 1973-ல் வந்த "என்டர் தி டிராகன்" படத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள் ஆரம்பக் காட்சியைக் கவனிக்கலாம். புரூஸ்லீயோடு மோதும் குண்டுப் பையன் சம்மோ ஹங். பிறகு ஒரு காட்சியில் தலைமுடியைப் பிடித்துப் புரூஸ்லீ கழுத்தை முறிப்பாரே, அந்தக் கழுத்து ஜாக்கிசானுடையது. புரூஸ்லீ போடுவதாகக் காட்டிய கரணத்தை உண்மையில் போட்டவர் யுவென் வா!

ஒரே வாத்தியாரின் பிள்ளைகள் ஒரே படத்தில். ஆனால் யாருக்கும் இவர்கள் பெயர் தெரியாது.

1973 ஜூலை 20-ந் தேதி புரூஸ்லீ இறந்தார். ஹாங்காங் சினிமா திகைத்து நின்றது. ஜாக்கிசானும் வேலை இல்லாமல் ஆஸ்திரேலியா போய்க் கட்டிட வேலை பார்த்தார். அங்கே கூட வேலை பார்த்தவர் கூப்பிட்ட "ஜாக்" என்ற பெயர்தான் ஜாக்கி ஆனது. 1976-ல் திரும்பி வந்தார். 1978-ல் "டிரங்கன் மாஸ்டர்" வந்தது. வசூல் வெள்ளம்!

அந்தப் படத்தின் கதை என்ன? அடங்காத பையன். கடுமையான கிழட்டு வாத்தியார். பையனைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, கீழ்த் தொட்டியில் உள்ள தண்ணீரைச் சின்னக் கிண்ணத்தால் மொண்டு மேல் தொட்டியில் ஊற்றச் சொல்லுவார். குந்திய நிலையில் நிற்கவைத்து உடம்பெல்லாம் கிண்ணத்தை வைக்கும் காட்சியும் உண்டு. தியேட்டர் சிரித்தது. நடித்தவனுக்கு அது புதிதல்ல. கூடத்தில் அழுத அழுகையைத்தான் அவர் அங்கே காமெடியாகக் காசாக்கினார்.

அதன்பின் நடந்தது ஊரறிந்த கதை. 1983-ல் "புராஜக்ட் ஏ". அதில் ஜாக்கிசான், சம்மோ, யுவென் பியாவ் மூவரும் ஒன்றாக நடித்தார்கள். மணிக்கூண்டின் உச்சியில் இருந்து ஜாக்கிசான் கை நழுவி, துணிப் பந்தல்களைக் கிழித்துக்கொண்டு தரையில் விழும் காட்சி அதில்தான். டூப் கிடையாது. 1985-ல் "போலீஸ் ஸ்டோரி". 1987-ல் வெளிவந்த "ஆர்மர் ஆப் காட்" படப்பிடிப்பில் யூகோஸ்லாவியாவில் மரத்தில் இருந்து விழுந்து மண்டை ஓடு உடைந்தது. ஆபரேஷன் செய்து பிழைத்தார். விழக் கற்றவனுக்கும் ஒரு நாள் கணக்குத் தப்பும்.

2008-ம் ஆண்டு ஏப்ரலில் "தசாவதாரம்" பாடல் வெளியீட்டு விழாவுக்கு ஜாக்கிசான் சென்னைக்கே வந்தார். 2016 நவம்பரில் அவருக்கு கவுரவ ஆஸ்கார் விருது கிடைத்தது.

மற்றவர்களும் சும்மா இல்லை. சம்மோ ஹங் டைரக்டர் ஆனார். அமெரிக்காவில் டெலிவிஷன் தொடரில் கதாநாயகன் ஆனார். யுவென் குவாய், கோரி யுவென் என்ற பெயரில் ஹாலிவுட்டுக்குப் போய் 2000-ல் "எக்ஸ்-மென்" படத்துக்குச் சண்டை அமைத்தார். யுவென் கியூ 1974-லேயே ஜேம்ஸ்பாண்ட் படத்தில் சண்டைக்காரப் பெண்ணாக வந்தவர். 2004-ல் "குங்பூ ஹசில்" படத்தில் வாயில் சிகரெட், தலையில் சுருள் கட்டிக்கொண்டு ஊரையே நடுங்க வைக்கும் வீட்டுக்காரம்மாவாக வந்து கலக்கினார். அவருக்குப் புருஷனாக வந்தவர் யுவென் வா.

அடியா, பயிற்சியா?

"பார்த்தீங்களா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்!" என்று சிலர் சொல்லக்கூடும்.

அவசரப்பட வேண்டாம்.

அந்தப் பள்ளியில் அடி வாங்கிய பிள்ளைகள் எல்லோரும் ஜாக்கிசான் ஆகவில்லை. வெளியே தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். வித்தை வந்தது எதனால் என்று பார்த்தால், விடிகாலையில் தொடங்கி நடுராத்திரி வரை ஒரே கரணத்தை ஆயிரம் தடவை போட்டதால் வந்தது. குங்பூ என்ற சொல்லுக்கே சண்டை என்று அர்த்தம் இல்லை. நீண்ட காலம் உழைத்துப் பெற்ற தேர்ச்சி என்றுதான் அர்த்தம். சமையல்காரர் காய் நறுக்குவதிலும் குங்பூ இருக்கலாம் என்பார்கள் சீனர்கள்.

ஈட்டி பறக்கும் இடத்தில் வாத்தியார் கண்டிப்பாக இருந்தே ஆகவேண்டும். விளையாட்டுப் பிள்ளையின் கவனம் ஒரு நொடி சிதறினால் அடுத்தவன் கண் போய்விடும். அந்தக் கண்டிப்பில் நியாயம் உண்டு. ஆனால் பாட்டில் ஒரு சொல் தவறியதற்கு வரிசையில் நின்ற எல்லோரையும் பிரம்பால் விளாசியதில் என்ன குங்பூ இருக்கிறது?

பிரம்பைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதுதான் எழுத்து. பாடம் சொல்லித்தர ஆசிரியர் வந்தது பேருக்குத்தான். பிள்ளைகள் அவரை ஓட ஓட விரட்டினார்கள். வாத்தியாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தனக்குப் படிப்பு இல்லாமல் போனதே என்று ஜாக்கிசான் பல பேட்டிகளில் வருத்தப்பட்டிருக்கிறார். கோடி கோடியாகச் சம்பாதித்தவர் வருத்தப்படலாம். சினிமாவில் தேறாமல், எழுதவும் தெரியாமல் வெளியே போன பிள்ளைகள் எந்தப் பேட்டியில் வருத்தப்படுவார்கள்?

1971-ல் ஹாங்காங் அரசு ஆரம்பக் கல்வியை இலவசமாக்கிக் கட்டாயமும் ஆக்கியது. ஜாக்கிசான் பள்ளியை விட்டு வெளியே வந்த அதே வருஷம்! 1978-ல் அது 9 ஆண்டுக் கட்டாயக் கல்வி ஆனது. 7 வயதுப் பிள்ளையை எழுதி வாங்கிக்கொள்வது அத்தோடு முடிந்துபோனது. பழைய முறையில் நாடகப் பள்ளி நடத்துவதும் முடிந்துபோனது.

வாத்தியார் வேஷத்தில் அண்ணன்

1970-களில் யூ ஜிம் யுவென் அமெரிக்காவுக்குப் போய்விட்டார்.

1988-ல் இந்தப் பள்ளியின் கதையை அலெக்ஸ் லா என்ற டைரக்டர் படமாக எடுத்தார். ஆங்கிலத்தில் "பெயிண்டட் பேசஸ்" என்று பெயர். வாத்தியார் வேஷத்தில் நடித்தவர் யார் தெரியுமா? சம்மோ ஹங்! பிரம்படி வாங்கியவர் கையில் பிரம்பு. அந்த நடிப்புக்கு ஹாங்காங்கில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது.

படத்தில் வாத்தியார் கண்டிப்பானவர். ஆனால் உள்ளுக்குள் பாசம் வைத்திருப்பவர். கலை அழிவதைப் பார்த்துக் கலங்குபவர். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். ஆனால் நிஜத்தில் நடந்தது இதைவிடப் பல மடங்கு கொடுமை, படத்தில் குறைத்துத்தான் காட்டியிருக்கிறார்கள் என்று சம்மோவும் சொன்னார், ஜாக்கிசானும் சொன்னார்.

அப்படிச் சொன்ன அதே ஜாக்கிசான், தன்னை ஆளாக்கியது வாத்தியார்தான் என்று நன்றியும் சொல்லுகிறார். அந்த நாளில் அவரை வெறுத்ததையும் மறைக்கவில்லை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்லுகிறார். கேட்பவர்களுக்குத்தான் குழப்பம்.

1997-ம் ஆண்டு மார்ச்சில் லாய் யுவென் பூங்காவை மூடினார்கள். அதே வருஷம் செப்டம்பரில் யூ ஜிம் யுவென் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் காலமானார். நாதன் ரோட்டில் மிராடர் மேன்சன் இன்றும் இருக்கிறது. மலிவு வாடகை லாட்ஜுகள் நிறைந்த கட்டிடம்.

கோரி யுவென் 2022-ல் இறந்தார். அந்தச் சேதி வெளியே தெரிந்ததே 2024-ல்தான், தெரியப்படுத்தியவர் ஜாக்கிசான். சம்மோவும் ஜாக்கிசானும் சினிமாவுக்கு வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். யுவென் பியாவ், யுவென் வா, யுவென் கியூ மூவரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. வாத்தியார் வைத்த பெயரோடுதான் நடித்தார்கள்.